சி.டி. நிறமாலையிலிருந்து புரத வடிவம்: இணையக் கருவியின் விடை பொருந்தாதபோது பார்க்க வேண்டியவை

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கும் எங்கள் சிறிய ஆய்வகத்தில் புரதத்தைப் பிரித்துத் தூய்மையாக்கும் வசதி உண்டு. வட்ட இருநிறமையை, அதாவது இடமாகச் சுழலும் ஒளியையும் வலமாகச் சுழலும் ஒளியையும் புரதம் உறிஞ்சுவதில் உள்ள வேறுபாட்டை, ஒவ்வோர் அலைநீளத்திலும் அளக்கும் சி.டி. கருவி கிடையாது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், பொள்ளாச்சி பக்கமிருந்து வரும் மாணவர்கள் மாதிரியை ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டியில் வைத்து, முன்பதிவு செய்த நேரத்துக்குப் பேருந்து பிடித்து வெளியூர் போய் அளந்து, கோப்பைப் பென்டிரைவில் கொண்டு வருகிறார்கள். லண்டன் பிர்க்பெக் கல்லூரியின் டைக்ரோவெப்பிலோ, புடாபெஸ்ட்டின் ஓத்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பெஸ்ட்செல்லிலோ அதை ஏற்றுகிறார்கள். புரதச் சங்கிலியில் எத்தனை சதவீதம் ஆல்ஃபா சுருளாகவும் எத்தனை சதவீதம் பீட்டா தாளாகவும் மடிந்திருக்கிறது என்று அந்த வளைவிலிருந்து கணிக்கும் இணையக் கருவிகள் இவை. வரும் விடை நம்ப முடியாததாக இருக்கும்போது கோப்பு என் மேசைக்கு வருகிறது. திரும்பத் திரும்பச் சரிசெய்த பிழைகளை, கண்ணுக்குத் தெரியும் அறிகுறியின் பெயரிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில் வருகிறது, பணம் பிடிக்கும் சோதனை கடைசியில் வருகிறது.

அறிகுறி 1: இணையக் கருவி கோப்பையே ஏற்கவில்லை

கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். அளவீட்டுக் கருவி எழுதும் உரைக்கோப்பின் தலையில் தேதி, வேகம், பட்டை அகலம் என்று இருபது வரி வரை இருக்கும். அவற்றை நீக்கிவிட்டு அலைநீளம், அளவு என்ற இரண்டு நிரல்களை மட்டும் வையுங்கள். மூன்றாவது நிரலில், ஒளியுணரிக்குக் கொடுக்கும் எச்.டி. மின்னழுத்தம் இருந்தால் அதைத் தனிக் கோப்பில் பத்திரப்படுத்துங்கள், அது அறிகுறி 3-க்குத் தேவைப்படும். அதன் பிறகும் ஏற்கவில்லை என்றால், படிவத்தில் கொடுத்த தொடக்க அலைநீளம், முடிவு அலைநீளம், இடைவெளி மூன்றும் கோப்போடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலான அளவீட்டுக் கருவிகள் 260 நானோமீட்டரிலிருந்து 190-க்கு இறங்கி அளக்கும். மாணவர் படிவத்தில் 190-இலிருந்து ஏறுவதாக எழுதியிருப்பார். 0.2 நானோமீட்டர் இடைவெளியில் அளந்த கோப்பை 1 நானோமீட்டர் என்று சொல்லி ஏற்றுவதும் அடிக்கடி நடக்கிறது.

டைக்ரோவெப்புக்குப் பதிவு வேண்டும், நிறுவன மின்னஞ்சல் முகவரியில் பதிவு செய்வது நல்லது. பக்கம் திறக்காத நாளில் வேறொரு கருவியில் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் இரண்டு கருவிகளின் விடைகளைக் கலந்து ஒரே அட்டவணையில் போடாதீர்கள். இந்த அறிகுறிக்கு யாரையும் அழைக்க வேண்டிய தேவை வந்ததில்லை.

அறிகுறி 2: வளைவின் வடிவம் சரியாக இருக்கிறது, சதவீதங்கள் நம்ப முடியாதவையாக இருக்கின்றன

என் மேசைக்கு வரும் கோப்புகளில் மிகுதியானவை இந்த வகை. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பலா உண்டு என்பதால், பலாக்கொட்டையில் இருக்கும் ஜாகலின் என்ற லெக்டின் (சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் புரதவகை) எங்கள் மாணவர்களுக்கு எளிதாகக் கிடைக்கும் புரதம். 1996-இல் வெளியான அதன் படிக அமைப்பு, அது பீட்டா தாள்களே நிறைந்த புரதம் என்று காட்டியது. ஆல்ஃபா சுருள் என்று சொல்லத்தக்கதாக அதில் ஏதும் இல்லை. அப்படிப்பட்ட புரதத்துக்கு ஒரு மாணவர் கணிசமான சுருள் காட்டும் விடையோடு வந்தார். “அண்ணா, செறிவு சரியாத்தானுங்க போட்டிருக்கேன், மூணு தடவ கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்” என்றார். அவர் போட்ட கணக்கில் பிழை இல்லை என்பது உண்மைதான். கோளாறு வேறிடத்தில் இருந்தது.

முதல் சோதனை, செறிவும் அமினோ அமில எண்ணிக்கையும் ஒரே பொருளைக் குறிக்கின்றனவா என்பது. ஜாகலின் நான்கு அலகுகள் சேர்ந்தது. மொத்த எடை சுமார் 66,000 டால்டன். ஒவ்வோர் அலகிலும் 133 அமினோ அமிலம் கொண்ட ஒரு நீண்ட சங்கிலியும் 20 கொண்ட ஒரு குறுஞ்சங்கிலியும் உண்டு, ஆக 153. மில்லிலிட்டருக்கு 0.2 மில்லிகிராம் கரைசலை 66,000 ஆல் கணக்கிட்டால் 3 மைக்ரோமோலார் வரும். அதற்கு உரிய எண்ணிக்கை 612. ஓர் அலகின் எடையால் கணக்கிட்டால் 12 மைக்ரோமோலார் வரும். அதற்கு உரியது 153. மாணவர் 3 மைக்ரோமோலாரையும் 153-ஐயும் சேர்த்துப் போட்டிருந்தார். மில்லிடிகிரியில் வந்த எண்ணை 10,00,000 ஆல் பெருக்கி, மைக்ரோமோலார் செறிவு, அமினோ அமில எண்ணிக்கை, மாதிரியை ஊற்றும் கலமான குவெட்டின் பாதை நீளம் (மில்லிமீட்டரில்) ஆகிய மூன்றின் பெருக்குத்தொகையால் வகுப்பதுதான் வழி. 1 மில்லிமீட்டர் குவெட்டில் 217 நானோமீட்டரில் −6 மில்லிடிகிரி வந்தது என்று வைத்துக்கொண்டால், சரியான இணை கொடுத்தால் −3,300 அளவில் வரும். தவறான இணை கொடுத்தால் −13,000 அளவில் வரும். நான்கு மடங்கு ஊதிப்போன வளைவைப் பொருத்த முயலும் கருவி, எங்கிருந்தாவது சுருளைக் கொண்டு வந்து சேர்க்கிறது. எடையை எண்ணிக்கையால் வகுத்து 105-க்கும் 115-க்கும் நடுவே வருகிறதா என்று பார்ப்பது பத்து நொடி வேலை. வராவிட்டால் இணை தவறு.

இரண்டாவது சோதனை அலகு. மில்லிடிகிரி, ஓர் அமினோ அமிலத்துக்குச் சராசரியாக்கிய எலிப்டிசிட்டி (மேலே கணக்கிட்ட எண்), உறிஞ்சல் வேறுபாடான டெல்டா எப்சிலான் ஆகிய மூன்றில் எதை ஏற்றுகிறீர்கள் என்பதைப் படிவத்தில் சரியாகத் தேர்ந்தீர்களா? எலிப்டிசிட்டியை 3298 ஆல் வகுத்தால் டெல்டா எப்சிலான் வரும். முழுவதும் சுருளாக இருக்கும் புரதத்துக்கும் 222 நானோமீட்டரில் எலிப்டிசிட்டி ஏறத்தாழ −40,000-ஐத் தாண்டாது. டெல்டா எப்சிலானில் அது −12 அளவு. உங்கள் வளைவு −200 என்று காட்டினால் அங்கே அலகு மாறியிருக்கிறது.

மூன்றாவது சோதனை செறிவை அளந்த முறை. பிராட்ஃபோர்டு முறையில் மாட்டு ஆல்புமினை வைத்து வரைந்த அளவுகோல் உங்கள் புரதத்துக்குப் பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. சாயம் எவ்வளவு ஒட்டும் என்பது புரதத்துக்குப் புரதம் மாறும். செறிவை உண்மையைவிட 20% குறைவாகப் போட்டால் வளைவு 25% உயர்ந்துவிடும். அமினோ அமில வரிசை தெரிந்திருந்தால், டிரிப்டோபான் ஒன்றுக்கு 5,500, டைரோசின் ஒன்றுக்கு 1,490, டைசல்ஃபைடு பாலம் ஒன்றுக்கு 125 என்று கூட்டி, 280 நானோமீட்டர் உறிஞ்சலிலிருந்து செறிவைக் கணக்கிடுங்கள். டிரிப்டோபான் இல்லாத புரதத்தில் இந்த வழி வலுக்குறைந்தது என்பதை நினைவில் வையுங்கள். இணையக் கருவியில் வளைவைச் சற்று உயர்த்தியும் தாழ்த்தியும் பொருத்திப் பார்க்கும் பெருக்குக் காரணி என்ற வசதி இருந்தால், அதை 0.95-க்கும் 1.05-க்கும் இடையில் மாற்றிப் பாருங்கள். பொருத்தம் 1.4-இல்தான் சரியாகிறது என்றால், அதைப் போட்டு விடையை ஏற்றுக்கொள்ளாமல் செறிவை மறுபடி அளக்கத் திரும்புங்கள்.

நான்காவதாகக் குவெட்டைப் பாருங்கள். 0.1 மில்லிமீட்டர் என்று பொறித்த, இரண்டு துண்டாகப் பிரியும் குவெட்டில் உண்மையான பாதை நீளம் அந்த எண்ணிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு விலகக்கூடும். 1 மில்லிமீட்டர் குவெட்டில் இந்தத் தொல்லை குறைவு.

இவை நான்கும் சரியாக இருந்தும் விடை பொருந்தவில்லை என்றால் அமினோ அமிலப் பகுப்பாய்வு செய்யும் கூடத்துக்கு மாதிரியை அனுப்ப வேண்டியதுதான். செலவுள்ள வேலை, ஆனால் கட்டுரையில் அச்சிடப் போகும் சதவீதத்துக்கு இதைவிட உறுதியான அடித்தளம் கிடையாது.

அறிகுறி 3: 200 நானோமீட்டருக்குக் கீழே வளைவு முள்முள்ளாகத் துள்ளுகிறது

தனியே வைத்த எச்.டி. மின்னழுத்தத்தை இப்போது எடுங்கள். ஒளி குறையக் குறையச் சி.டி. கருவி அந்த மின்னழுத்தத்தை உயர்த்திக்கொண்டே போகும். 600 முதல் 700 வோல்ட்டைத் தாண்டிய இடத்திலிருந்து வரும் எண்களில் புரதத்தைப் பற்றிய செய்தி இல்லை. எந்த அலைநீளத்தில் அந்த எல்லை வருகிறதோ அங்கே கோப்பை வெட்டுங்கள். மென்மையாக்கும் வசதியைக் கொண்டு முள்ளை மறைக்க வேண்டாம். மறைந்த முள்ளுக்கு அடியில் இருக்கும் தவறான சாய்வை, இணையக் கருவி உண்மை என்று எடுத்துக்கொள்ளும்.

வெட்டிய பிறகு எஞ்சும் நீளத்தைப் பொறுத்துத்தான் வழிகள் திறக்கும். உங்கள் வளைவை ஒப்பிட, அமைப்பு தெரிந்த புரதங்களின் நிறமாலைகளைச் சேர்த்து வைத்திருப்பதுதான் மேற்கோள் தொகுப்பு. டைக்ரோவெப்பில் எஸ்.பி.175 என்ற முழு மேற்கோள் தொகுப்புக்கு 175 வரையிலும், அதன் குறுகிய வடிவத்துக்கும் 4, 7 எண் கொண்ட தொகுப்புகளுக்கும் 190 வரையிலும் தரவு வேண்டும். 196-இல் நின்றுவிட்ட கோப்புக்கு அங்கே 200-இலிருந்து 240 வரை போதும் என்கிற கே.டூ.டி. முறை மட்டுமே மிஞ்சுகிறது. பெஸ்ட்செல் 200-இலிருந்து 250 வரையிலான தரவையும் ஏற்கும், ஆனால் அந்த விடை 190 வரை சென்றதைவிட உறுதி குறைந்தது.

மின்னழுத்தம் ஏன் ஏறியது என்பதற்கு முதல் சந்தேகம் பஃபர், அதாவது புரதம் கரைந்திருக்கும் கரைசல். புரதத்தைத் தூய்மையாக்கும் நிக்கல் பத்தியிலிருந்து 250 மில்லிமோலார் இமிடசோலில் இறக்கிய புரதத்தை அப்படியே கொண்டு போனால் 220-க்குக் கீழே எதுவும் தெரியாது. சோடியம் குளோரைடில் இருக்கும் குளோரைடு 195-ஐ ஒட்டிக் குறுக்கிடும், டி.டி.டி., டி.எம்.எஸ்.ஓ. போன்ற சேர்க்கைப் பொருள்களையும் இதே கண்ணோடு பாருங்கள். 10 மில்லிமோலார் பாஸ்பேட்டுக்கு டயாலிசிஸ் செய்து (சவ்வுப் பையில் வைத்துக் கரைசலை மாற்றி), உப்பு வேண்டுமென்றால் குளோரைடுக்குப் பதில் சோடியம் ஃபுளோரைடோ சல்பேட்டோ சேருங்கள். அமிலத்தன்மை உள்ள கரைசலில் ஃபுளோரைடு ஆபத்தானது, அங்கே சல்பேட்டே சரி. ஜாகலினைக் காலக்டோஸ் கொண்டு இறக்கியவர்கள் அந்தச் சர்க்கரை போகும் வரை டயாலிசிஸை நீட்ட வேண்டும். புரதத்தின் வளைவிலிருந்து கழிக்கும் அடிக்கோடாக அளக்க வேண்டியது டயாலிசிஸின் கடைசி வெளிக்கரைசலையே. புதிதாகக் கலக்கிய பஃபரை அடிக்கோடாக வைத்து வந்த கோப்புகளில், 260 நானோமீட்டரில் பூஜ்யத்தில் நிற்க வேண்டிய வளைவு ஒரு மில்லிடிகிரி மேலே நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது சந்தேகம் பயணம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் வாளையார் கணவாயில் வீசும் அனல்காற்றில் மூன்று மணி நேரம் பேருந்தில் இருந்த பெட்டியில், ஐஸ் உருகி வெதுவெதுத்த தண்ணீரில் குழாய்கள் மிதந்தபடி வந்து சேர்ந்த நாட்கள் உண்டு. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் கரைசலிலும் புரதத் திரட்சி இருக்கலாம். அளக்கும் இடத்திலேயே 320 முதல் 350 நானோமீட்டர் வரை உறிஞ்சலைப் பாருங்கள். அங்கே பூஜ்யத்துக்கு மேல் ஏதாவது நின்றால் ஒளி சிதறுகிறது. மையவிலக்கியில் சுழற்றியோ 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்தோ தெளிந்த கரைசலை எடுத்து, 280-இல் செறிவை மீண்டும் அளந்துவிட்டுத்தான் சி.டி.யில் வையுங்கள். வடிகட்டிய பிறகு பழைய செறிவையே போடுகிறவர்கள் அறிகுறி 2-க்குத் திரும்பி வருவார்கள்.

பஃபரை மட்டும் வைத்து அளந்தாலும் மின்னழுத்தம் வழக்கத்தைவிட மேலே இருந்தால் கோளாறு சி.டி. கருவியில் இருக்கிறது. நைட்ரஜன் ஓட்டம் போதுமானதா என்று பொறுப்பாளரைக் கேளுங்கள். நைட்ரஜன் குறைந்தால் விளக்கின் புற ஊதா ஒளி ஆக்சிஜனை ஓசோனாக்கி, கண்ணாடிகளைக் கெடுக்கும். கேம்பர் சல்ஃபோனிக் அமிலக் கரைசலை அளந்து, 192.5-இல் வரும் எதிர்க்குறி உச்சத்தையும் 290.5-இல் வரும் நேர்க்குறி உச்சத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள். விகிதம் 2-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 1.9-க்கும் கீழே போனால் விளக்கையோ கண்ணாடியையோ பார்க்க நிறுவனப் பொறியாளரை அழைக்க வேண்டும். மாணவர் அங்கே செய்யக்கூடியது ஒன்றும் இல்லை, முன்பதிவை மாற்றிக்கொண்டு திரும்புவதே நல்லது.

அறிகுறி 4: மூன்று முறைகள் மூன்று விடை சொல்கின்றன, அல்லது என்.ஆர்.எம்.எஸ்.டி. மிக அதிகம்

என்.ஆர்.எம்.எஸ்.டி. என்பது அளந்த வளைவுக்கும் கருவி திருப்பிக் கட்டிய வளைவுக்கும் உள்ள விலகல். 0.1-க்கு மேல் போனால் அந்தச் சதவீதங்களை எழுதவே கூடாது. ஆனால் 0.02 என்று வந்ததாலேயே விடை சரி என்று ஆகிவிடாது, டைக்ரோவெப்பின் கணக்கீட்டு முறைகளில் ஒன்றான சி.டி.எஸ்.எஸ்.டி.ஆர். மோசமான தரவுக்கும் அழகான எண்ணைத் தரக்கூடியது. அதே கோப்பை அங்கே உள்ள செல்கான்3, கான்டின்எல்எல் முறைகளிலும் ஓட்டுங்கள். மூன்றும் சில சதவீத வேறுபாட்டுக்குள் நின்றால் நம்பலாம். செல்கானில் எல்லா வடிவங்களின் பங்குகளின் கூட்டுத்தொகை 1-இலிருந்து வெகுவாக விலகினாலோ, அது விடையே தர மறுத்தாலோ, முதலில் அறிகுறி 2-இன் செறிவுச் சோதனைக்குப் போங்கள்.

செறிவு சரி என்றால் மேற்கோள் தொகுப்பைப் பாருங்கள். கரையும் புரதங்களால் ஆன தொகுப்பில் சவ்வுப் புரதத்தை ஏற்றினால் பொருத்தம் கெடும், அதற்கு எஸ்.எம்.பி.180 இருக்கிறது. 230 நானோமீட்டர் அருகே எதிர்பாராத நேர்க்குறி மேடு தெரிந்தால், அது டிரிப்டோபான், டைரோசின் பக்கச் சங்கிலிகளின் வேலையாக இருக்கலாம். அத்தகைய புரதங்களுக்கு எந்தத் தொகுப்பும் முழுமையாகக் கைகொடுக்காது.

அறிகுறி 5: பீட்டா என்று தெரிந்த புரதம், ஒழுங்கற்றது என்று வருகிறது

சுருளுக்கு 208, 222 என்ற இரட்டைப் பள்ளமும் 192 அருகே உயர்ந்த மேடும் எல்லாப் புரதத்திலும் ஏறத்தாழ ஒரே மாதிரி வருகின்றன. பீட்டா தாளுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. தாள் இணையா, எதிரிணையா, எவ்வளவு முறுக்கியது என்பதைப் பொறுத்து வளைவே மாறிவிடும். சில பீட்டா புரதங்களின் வளைவு, 195-ஐ ஒட்டிப் பள்ளம் காட்டும் ஒழுங்கற்ற சங்கிலியைப் போலவே இருக்கும். ஆகவே எளிய சோதனை கருவியை மாற்றுவதுதான். 2015-இல் அறிமுகமான பெஸ்ட்செல், எதிரிணைத் தாளை இடமுறுக்கு, தளர்ந்தது, வலமுறுக்கு என்று மூன்றாகவும் இணைத் தாளைத் தனியாகவும் பிரித்துப் பார்க்கிறது. லெக்டின்களுக்கு நான் முதலில் திறப்பது இதைத்தான்.

அடுத்து, படிக அமைப்போ, வரிசையிலிருந்து அமைப்பைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு நிரலின் கணிப்போ இருந்தால் அந்தக் கோப்பை பி.டி.பி.டூ.சி.டி. போன்ற கருவியில் ஏற்றி, அமைப்பிலிருந்து வளைவை வரைந்து உங்கள் வளைவோடு அடுக்கிப் பாருங்கள். கணித்த வளைவு ஒருபக்கம், அளந்த வளைவு ஒருபக்கம் என்று பிரிந்தால், புரதம் உண்மையிலேயே மடிப்புக் கலைந்திருக்கக்கூடும். மாதிரியை மெல்லச் சூடாக்கி 217-இல் அளவு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். மடிந்த புரதம் ஒரு வெப்பநிலையில் சட்டென்று மாறும், கலைந்தது மெதுவாக நகரும். இந்த இடத்துக்குப் பிறகும் தெளிவு இல்லை என்றால், துகள் முடுக்கியின் வலிய ஒளியைக் கொண்டு 190-க்கு வெகுகீழே அளக்கும் சின்க்ரோட்ரான் சி.டி.க்கு விண்ணப்பிக்கும் அனுபவம் உள்ளவரை நாடுங்கள்.

அறிகுறி 6: என்.எம்.ஆர். வேதி நகர்வுகளை ஏற்றினால் பாதிப் புரதத்துக்கு விடை இல்லை

சி.டி. மொத்தச் சதவீதத்தைத்தான் சொல்லும். ஒவ்வோர் அமினோ அமிலத்தின் வடிவமும் வேண்டும் என்பவர்கள் என்.எம்.ஆர். அளவீட்டுக்குப் போகிறார்கள். காந்தப் புலத்தில் ஒவ்வோர் அணுவின் அதிர்வெண்ணும் எவ்வளவு நகர்கிறது என்பதே வேதி நகர்வு. அட்டப்பாடிப் பக்கம் விளையும் கேழ்வரகில், ஆல்ஃபா அமிலேசையும் டிரிப்சினையும் ஒருங்கே தடுக்கும் ஒரு புரதம் உண்டு. 122 அமினோ அமிலம், ஐந்து டைசல்ஃபைடு பாலங்கள். அதன் கரைசல் அமைப்பு 1995-இல் என்.எம்.ஆர். மூலம் தெரியவந்தது. பயிற்சிக்கு இதைப் பயன்படுத்தும் எங்கள் மாணவர்கள் நகர்வுகளிலிருந்து சங்கிலியின் கோணங்களைக் கணிக்கும் டேலோஸ்-என் கருவியில் நகர்வு அட்டவணையை ஏற்றியதும் முதலில் இடறுவது சிஸ்டைனில்தான். பாலம் கட்டிய சிஸ்டைனைச் சிற்றெழுத்திலும் கட்டாததைப் பேரெழுத்திலும் எழுத வேண்டும் என்பது அந்தக் கருவியின் வழக்கம். பத்தையும் பேரெழுத்தில் எழுதினால் பீட்டா கார்பன் மதிப்புகளைக் கருவி சந்தேகிக்கும். கட்டாததில் அது 28 பி.பி.எம். அருகே இருக்கும், கட்டியதில் 41 அருகே போகும்.

அது சரி என்றால் வரிசை எண்ணைப் பாருங்கள். தூய்மைக்காகச் சேர்த்த ஹிஸ்டிடின் வாலை எண்ணியவரும் எண்ணாதவரும் ஒரே அட்டவணையில் கைவைத்திருந்தால் எல்லாம் ஏழெட்டு இடம் தள்ளி நிற்கும்.

மூன்றாவது சோதனை மேற்கோள் புள்ளி. டி.எஸ்.எஸ். என்ற மேற்கோள் சேர்மத்தைப் பூஜ்யமாக வைத்து அளக்காமல் வேறு முறையில் வைத்த கார்பன் அளவுகள் எல்லாம் ஒரே திசையில் நகர்ந்திருக்கும். ஒழுங்கற்ற சங்கிலிக்குரிய மதிப்பிலிருந்து ஆல்ஃபா கார்பன் விலகும் அளவிலிருந்து, பீட்டா கார்பன் அதேபோல் விலகும் அளவைக் கழித்தால் அந்தப் பொதுப்பிழை அடிபட்டுப்போகும். கழித்த எண்கள் சுருளுக்கு நேர்க்குறியும் தாளுக்கு எதிர்க்குறியுமாக ஒழுங்காக வந்து, தனித்தனியே பார்த்தால் மட்டும் குழம்பினால் மேற்கோளைத் திருத்துங்கள். டியூட்டீரியம் ஏற்றிய மாதிரி என்றால் அதற்கான திருத்தம் தனியே வேண்டும்.

நல்ல அட்டவணைக்கு டேலோஸ்-என் சுமார் 90% அமினோ அமிலங்களுக்கு சங்கிலி திரும்பும் ஃபை, சை கோணங்களைச் சொல்லும். எர்ணாகுளத்தில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரன், தம் சகாக்களோடு 1963-இல் வெளியிட்ட அந்தக் கோண வரைபடத்தின் மேல்தான் இந்த விடைகள் புள்ளியாக விழுகின்றன. விலக்கப்பட்ட வெளியில் புள்ளிகள் குவிந்தால் அட்டவணையில் இன்னும் பிழை இருக்கிறது. சில வளையங்களுக்கு விடை இல்லாமல் போவது இயல்பு. அங்கே சங்கிலி அசைந்துகொண்டிருக்கும், அந்த இடங்களை வலிந்து நிரப்ப வேண்டாம்.

அந்தக் கோணங்களையும் நகர்வுகளையும் வைத்து சி.எஸ்.-ரோசெட்டா என்ற நிரலில் முழு அமைப்புக்கு முயல்பவர்கள், குறைந்த ஆற்றலுள்ள பத்து மாதிரிகளும் எல்லாவற்றிலும் குறைந்ததிலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் ஓட்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கூட்டியும் சிதறினால் அந்த அமைப்பை வெளியிடக் கூடாது. 122 அமினோ அமிலம் என்பது இந்த முறை நன்றாக வேலை செய்யும் அளவின் விளிம்பு. அதைத் தாண்டிய புரதத்துக்கு நகர்வுகள் மட்டும் போதாது, என்.ஓ.இ. அளவீட்டிலிருந்து வரும் அணுக்களிடைத் தூரங்கள் வேண்டும். அந்த நிலையில் என்.எம்.ஆர். கருவி பதிவு செய்த மூல எஃப்.ஐ.டி. கோப்புகளை, செயலாக்கிய நிறமாலைகளோடும் மாதிரியின் பி.எச்., வெப்பநிலைக் குறிப்புகளோடும் சேர்த்து ஒரு என்.எம்.ஆர். வல்லுநரிடம் கொடுங்கள்; அட்டவணையை மட்டும் கொடுத்தால் அவர் நாம் செய்த சோதனைகளை முதலிலிருந்து செய்ய நேரிடும்.